ராயபுரத்திலிருந்து ஒரு என்.எஃப்.எல். சீசனை எடை போடுவது எப்படி

2022-ல், அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-லில், மினசோட்டா வைகிங்ஸ் அணி 17 ஆட்டம் ஆடி 13-ல் ஜெயித்தது. அந்த 17 ஆட்டத்திலும் சேர்த்து அவர்கள் எடுத்த புள்ளி 424. விட்டுக்கொடுத்தது 427. பதின்மூன்று முறை ஜெயித்த அணி, மொத்தக் கணக்கில் மூன்று புள்ளி பின்தங்கி நின்றது. அணியின் சீசனைப் பற்றி வாய் திறக்க நினைக்கும் ரசிகர் முதலில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெற்றிக் கணக்கு ஒன்றைச் சொல்லும், புள்ளிக் கணக்கு வேறொன்றைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று வாரா வாரம் எழுதி வைத்தவர் சொல்லும் கருத்துதான் சீசன் முடியும் ஜனவரியிலும் நிற்கும்.

வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் ஃபுட்பால் என்றால் காலால் ஆடுவதுதான். இங்கே பேசுவது கையால் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால். 32 அணி, 18 வாரம், ஆளுக்கு 17 ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு. அதன் பிறகு வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்கு 14 அணிகள் போகும். அடிப்படை விதிகள் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

நேரத்தைப் பிடிப்பது

செப்டம்பரிலும் அக்டோபரிலும் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு ஒன்பதரை மணி நேரம் கூட்ட வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு பத்தரை மணி நேரம். இதை மறந்து ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து உட்காருவதுதான் நவம்பரில் புது ரசிகர்கள் எல்லோரும் செய்யும் தப்பு.

அங்கே ஞாயிறு பகல் 1 மணி ஆட்டம் நமக்கு ஞாயிறு இரவு 10.30, நவம்பர் முதல் 11.30. அங்கே 4.25-க்குத் தொடங்குவது நமக்கு விடியற்காலை 1.55 அல்லது 2.55. ஞாயிறு ஆட்ட நேரங்களில் நமக்கு மோசமானது இதுதான், வேலைக்குப் போகிறவர் இதை நேரலையில் பார்க்க முயலவே கூடாது. ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.50 அல்லது 6.50. டீயோடு பார்க்கலாம், ஆனால் முடிவதற்குள் வேலைக்குக் கிளம்ப நேரிடும். ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். லண்டனில் நடக்கும் ஆட்டங்கள்தான் நமக்கு வரம்: அக்டோபரில் ஞாயிறு மாலை 7 மணி. இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் பிப்ரவரியில் திங்கள் காலை 5 மணிக்கு. அதற்கு லீவு இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

நோட்டில் தேதி போடும்போது அமெரிக்கத் தேதியையே போடுங்கள். நம் தேதியைப் போட்டால் பாதி ஆட்டம் திங்களிலும் வெள்ளியிலும் போய் விழும், பிறகு புள்ளிவிவரத்தோடு ஒத்துப் பார்க்கும்போது குழம்பும்.

முழு ஆட்டம் பார்க்கக் கட்டணச் சேவையில்தான் சேர வேண்டியிருக்கும். அதில் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஓய்வு நேரம் நீக்கி 40 நிமிடமாகச் சுருக்கியும் தருகிறார்கள். நோட்டு போடுகிறவருக்கு அந்த 40 நிமிடம் போதும், பல சமயம் நேரலையைவிட நல்லது. மொபைல் டேட்டாவில் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது: எச்.டி.யில் மணிக்கு ஏறத்தாழ 3 ஜிபி போகும், தினம் 2 ஜிபி பேக் முதல் பாதியிலேயே தீர்ந்துவிடும். தினசரி பேக் பெரும்பாலும் நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். அதனால் இரவு 10.30 ஆட்டத்துக்கு இரண்டு நாள் கோட்டா கிடைக்கும், தரத்தைக் கொஞ்சம் குறைத்தால் முழுசாகப் பார்த்துவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அந்த மாதங்களில் போனையும் பவர் பேங்கையும் சனிக்கிழமையே சார்ஜ் போட்டு வையுங்கள்.

மறுநாள் பார்க்கப் போகிறவர் காலை மெட்ரோவில் விம்கோ நகரில் ஏறும்போதே நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு பார்க்கும் கண் வேறு. ஜெயித்தது தெரிந்தால் தப்பெல்லாம் சின்னதாகத் தெரியும்.

நோட்டு

கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று போதும். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பக்கம் என்று ஒதுக்கினால் 17 ஆட்டமும் பிளேஆஃபும் போக மிச்சமே இருக்கும். கடைசி ஆறு பக்கங்களைத் தொடாமல் விடுங்கள், காரணம் பிறகு.

இடது பக்கத்தில் எண்கள்: எதிரணி, சொந்த ஊரா வெளியூரா, ஸ்கோர், வித்தியாசம், நாம் இழந்த பந்து எத்தனை, பறித்த பந்து எத்தனை, வழக்கமாக ஆடும் ஆட்களில் அன்று இல்லாதவர் யார் யார். நம் ஆட்களை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், எதிரணியில் இல்லாதவரையும் எழுத வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வலது பக்கத்தில் சொற்கள்: கடைசி நான்கு நிமிடத்தில் பந்து யாரிடம் இருந்தது, ஆட்டத்தைத் திருப்பிய இரண்டு மூன்று கட்டம் எவை, அதில் எது திறமை, எது பந்து குதித்த விதம்.

ஒரு எச்சரிக்கை. டச்டவுன் (பந்தை எதிராளியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) என்று துள்ளிக் குதித்து உடனே எழுதிவிடாதீர்கள். விதிமீறலுக்கு நடுவர் வீசும் மஞ்சள் கொடி விழுந்திருந்தால் மொத்தமும் ரத்தாகலாம். கேரம் ஆடுகிறவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாவிட்டால் சிவப்பு திரும்பப் பலகைக்கே வரும்.

எங்கே பார்ப்பது

பந்தைப் பார்க்காதீர்கள். குறைந்தது ஆட்டத்தில் பாதி நேரமாவது, ஒவ்வொரு முயற்சியிலும் முதல் மூன்று விநாடி முன்வரிசையைப் பாருங்கள். குனிந்து நிற்கும் அந்த ஐந்து பேர் பின்னால் தள்ளப்படுகிறார்களா, குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைச் சுற்றி எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே அடுத்து வருவது பாதி தெரிந்துவிடும். வட சென்னையில் பாக்ஸிங் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும். குத்து கையில் தெரிகிறது, ஆனால் அது கிளம்புவது காலிலிருந்து.

ஹைலைட்ஸ் மட்டும் பார்த்துக் கருத்து சொல்வது ஏன் தப்பு என்பதற்கும் இதுவே காரணம். பத்து நிமிட ஹைலைட்ஸில் பிடித்த பந்தெல்லாம் இருக்கும். முன்வரிசை உடைந்ததால் எறியவே முடியாமல் போன பந்துகள் இருக்காது.

கணக்கு

இப்போது வைகிங்ஸ் 2022-ஐ முழுசாகப் பிரித்துப் பார்க்கலாம். உங்கள் அணி எதுவானாலும் வழி இதுதான்.

முதலில் எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியே எடுங்கள். எட்டு ஏன்? ஒரு டச்டவுனுக்கு ஆறு, அதோடு இரண்டு புள்ளி முயற்சி. ஒரே முறை பந்து கையில் கிடைத்தால் சமன் செய்துவிடக்கூடிய தூரம் அது. வைகிங்ஸ் அப்படி 11 ஆட்டம் ஆடியது, பதினொன்றையும் ஜெயித்தது. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. வித்தியாசங்கள் 4, 3, 7, 8, 8, 3, 3, 7, 5, 3, 3. கூட்டினால் 54. நிம்மதியாக ஜெயித்தது இரண்டே ஆட்டம், இரண்டிலும் 16 வித்தியாசம், அது 32. தோற்ற நான்கு ஆட்டங்கள்: ஈகிள்ஸிடம் 17, கவ்பாய்ஸிடம் 37, லயன்ஸிடம் 11, பேக்கர்ஸிடம் 24. மொத்தம் 89. 54-ம் 32-ம் சேர்ந்து 86. ஆக 86-ல் 89 போக, மைனஸ் 3.

இதைத் தாளில் போட்டுப் பார்க்கும்போதே ஒரு விஷயம் கண்ணில் படும். ஜெயித்தால் நூலிழையில், தோற்றால் அடியோடு. கவ்பாய்ஸ் வைகிங்ஸின் சொந்த ஊருக்கே வந்து 40-3 என்று உருட்டிவிட்டுப் போனது.

அடுத்து தோராயமான வெற்றிக் கணக்கு. மொத்தப் புள்ளி வித்தியாசத்தை 40-ஆல் வகுத்து, வருவதை எட்டரையோடு கூட்டுங்கள். சரிசமமான அணி 17-ல் எட்டரை ஜெயிக்கும், அதற்கு மேல் சுமார் 40 புள்ளிக்கு ஒரு வெற்றி. வைகிங்ஸுக்கு வருவது எட்டு சொச்சம். கையில் இருந்தது 13. கிட்டத்தட்ட ஐந்து வெற்றி அதிகம். 2024 டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போட்டுப் பாருங்கள்: 564 எடுத்து 342 விட்டது, வித்தியாசம் 222, கணக்குப்படி 14, உண்மையில் 15. இது அப்பழுக்கில்லாத பலம்.

அதே 2024-ல் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸும் 15 ஜெயித்தது. 385 எடுத்து 326 விட்டது, வித்தியாசம் 59 மட்டுமே, கணக்குப்படி 10. ஆனால் இங்கே நோட்டு கைகொடுக்கும். கடைசி வாரம் டென்வரில் 38-0 என்று தோற்றபோது அவர்கள் முக்கிய ஆட்களுக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். அந்த ஒன்றைக் கழித்தால் 16 ஆட்டத்தில் வித்தியாசம் 97. அப்போதும் 15 வெற்றி என்பது அதிகம்தான், ஆனால் 59 காட்டிய அளவுக்கு நிலைமை மோசமில்லை. அந்த அணி சூப்பர் பவுல்வரை போனது, அங்கே ஈகிள்ஸிடம் 40-22. 18-வது வாரத்தை நோட்டில் எப்போதும் வட்டம் போட்டு வையுங்கள். வைகிங்ஸின் இரண்டு பெரிய வெற்றிகளில் ஒன்றும் அந்த வாரத்தில்தான் வந்தது. சிகாகோவில் 29-13, அந்த ஊர் அணியான பேர்ஸின் முதல் குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் அன்று ஆடவில்லை.

எது திறமை, எது பந்து குதித்தது

எண் இதுவரை வந்து நின்றுவிடும். இதற்கு மேல் வலது பக்கத்துச் சொற்கள்தான் பேச வேண்டும்.

2022 அக்டோபர் 2, லண்டன். நமக்கு ஞாயிறு மாலை 7 மணி ஆட்டம். வைகிங்ஸ் 28, செயின்ட்ஸ் 25. கடைசி விநாடியில் செயின்ட்ஸின் வில் லட்ஸ் ஃபீல்ட் கோலுக்காக (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) 61 யார்டிலிருந்து உதைத்த பந்து நேர்க்கம்பத்தில் பட்டு, குறுக்குக் கம்பியில் பட்டு, வெளியே விழுந்தது. டிசம்பர் 24, ஜயன்ட்ஸுக்கு எதிராக 24-24. வைகிங்ஸின் கிரெக் ஜோசஃப் கடைசியில் உதைத்தார். அதே 61 யார்டு. உள்ளே போனது. இரண்டும் மாறி விழுந்திருந்தால் அந்த இரண்டு ஆட்டத்தையும் பற்றி எழுதும் வாக்கியமே வேறு. இப்படிப்பட்ட கட்டத்துக்குப் பக்கத்தில் "பந்து" என்று எழுதுங்கள்.

கையிலிருந்து பந்து நழுவிவிடும் ஃபம்பிளும் அப்படித்தான். பந்தைத் தட்டிவிடுவது திறமை, தரையில் உருளும் பந்து யார் கையில் சேரும் என்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. நவம்பர் 13, பஃபலோ பில்ஸோடு ஆட்டம். பில்ஸ் முன்னிலை, தங்கள் கோல் கோட்டருகே பந்து அவர்கள் கையில், நேரத்தைக் கடத்தினால் போதும். பில்ஸின் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் ஸ்னாப்பை (முன்வரிசையிலிருந்து பின்னால் தரும் தொடக்கப் பந்தை) தவறவிட்டார், வைகிங்ஸின் எரிக் கெண்ட்ரிக்ஸ் அதன்மேல் விழுந்து டச்டவுன். இது "பந்து". ஆனால் அதற்குச் சற்று முன்னால் பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சியில் கடைசியான 4-வதில் 18 யார்டு தேவைப்பட்டபோது வைகிங்ஸின் ஜஸ்டின் ஜெஃபர்சன் எதிராளியின் கையிலிருந்து ஒற்றைக் கையால் பறித்த 32 யார்டு பந்து இருக்கிறதே, அதன் பக்கத்தில் "திறமை" என்று தடித்த எழுத்தில் போட வேண்டும். அந்தச் சீசனில் அவர் 128 பந்து பிடித்து 1,809 யார்டு எடுத்தார். வைகிங்ஸை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

டிசம்பர் 17 கோல்ட்ஸ் ஆட்டம் இன்னொரு பாடம். இடைவேளையில் 33-0 பின்தங்கல். நமக்கு அப்போது ஞாயிறு விடியற்காலை ஒரு மணி வாக்கில் ஆகியிருக்கும், போனை வைத்துவிட்டுப் படுத்தவரைக் குறை சொல்ல முடியாது. கூடுதல் நேரத்தில் 39-36 என்று ஜெயித்தார்கள். லீக் வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சி. இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு நோட்டில் இரண்டு தனி வரி எழுதுங்கள்: ஒன்று, முதல் பாதியில் ஏன் 33 விட்டார்கள், இன்னொன்று, இரண்டாம் பாதியில் என்ன மாறியது. வெற்றியின் மகிழ்ச்சியில் முதல் வரியை விட்டுவிட்டால் சீசன் முடிவில் அணியின் தடுப்பாட்டம் ஏன் ஓட்டையாக இருந்தது என்பது நினைவில் இருக்காது.

காயமும் அட்டவணையும்

லயன்ஸின் தடுப்பாட்டக்காரர் ஏடன் ஹட்சின்சன் 2024 அக்டோபர் 13 அன்று டாலஸில் கால் எலும்பு முறிந்து வெளியேறினார். அதுவரை ஐந்தே ஆட்டத்தில் 7.5 சாக் (எறிவதற்குள் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது). அந்தத் தேதிக்கு முன், பின் என்று தடுப்பாட்டத்தைப் பிரித்துப் பார்க்காமல் அவர்கள் 2024 தடுப்பைப் பற்றிப் பேசுவது இரண்டு அணிகளை ஒன்றாகக் கலப்பது. பிளேஆஃபில் வாஷிங்டனிடம் 45-31 என்று விழுந்தபோது இன்னொரு காரணமும் இருந்தது: ஐந்து முறை பந்தை இழந்தார்கள். ஒரே இரவில் ஐந்து இழந்த பிறகு எந்த அணியும் தப்பிப்பது அரிது. 15-2 என்ற சீசனை அந்த ஓர் இரவை வைத்துத் தோல்வி என்று எழுதுவது அநியாயம்.

அட்டவணையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 17-ல் 14 ஆட்டம், ஒரே டிவிஷனில் (நான்கு அணி கொண்ட பிரிவில்) இருக்கும் நால்வருக்கும் ஏறக்குறைய பொது. மிச்சம் மூன்று, போன வருடம் பிடித்த இடத்துக்கு ஏற்ப வரும். முதலிடம் பிடித்த அணிக்கு மற்ற முதலிடக்காரர்கள் வருவார்கள். அந்த மூன்றை மட்டும் பக்கத்து அணியின் மூன்றோடு ஒப்பிட்டால் போதும்.

முடிவை வைத்துக் கோச்சைத் திட்டுவது

ரசிகர் பேச்சில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இது. 2024 ஜனவரி 28 (அதாவது 2023 சீசன்), சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான அரையிறுதி. இடைவேளையில் லயன்ஸ் 24-7 முன்னிலை. மூன்றாம் கால் பகுதியில் 24-10 இருந்தபோது 4-வது முயற்சியில் 2 யார்டு தேவை. உதைத்தால் சுமார் 45 யார்டு ஃபீல்ட் கோல். லயன்ஸ் கோச் டான் கேம்பல் உதைக்காமல் ஆடச் சொன்னார். பந்து ஜாஷ் ரெனால்ட்ஸ் கையில் பட்டு நழுவியது. நான்காம் கால் பகுதியில் 27-24 பின்தங்கியபோது 4-வது முயற்சியில் 3 யார்டு தேவை, மறுபடி ஆடினார்கள், மறுபடி வீண். 34-31 தோல்வி.

இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த மாதிரி முடிவைச் சீசன் முழுக்க எடுத்தாரா? எடுத்தார். அப்போதெல்லாம் தைரியம் என்று கைதட்டிவிட்டு, ரெனால்ட்ஸ் கையிலிருந்து பந்து நழுவியதும் முட்டாள்தனம் என்பது கருத்தாகாது. முடிவு சரியா என்பதை ஸ்னாப்புக்கு முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள், "ஆடலாம்" அல்லது "உதைக்கலாம்" என்று ஒரே சொல். ஒரு சீசன் அப்படி எழுதினால் உங்கள் கணிப்பு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கருத்தை எழுதும் முறை

நான்காவது வாரத்துக்கு முன்னால் எதுவும் எழுதாதீர்கள். ஓய்வு வாரத்தில் ஒரு பக்கம், 12-வது வாரம் முடிந்ததும் ஒரு பக்கம், சீசன் முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு பக்கம். கடைசி ஆட்டம் தோற்ற அன்றே எழுதினால் 17 வாரமும் அந்த ஒரு இரவின் நிறத்துக்கு மாறிவிடும்.

டீக்கடையில் ஒரு தம்பி "பதிமூணு ஜெயிச்சிருக்காங்கண்ணே, பெரிய டீம்தானே?" என்று கேட்டால் சொல்வதற்குத் தயாராக மூன்று வாக்கியம் இருக்க வேண்டும். வைகிங்ஸ் 2022-க்கு இப்படி எழுதலாம்: "பந்து பிடிப்பதிலும் கடைசி நான்கு நிமிடத்தில் பதறாமல் ஆடுவதிலும் முதல் தரம். தடுப்பாட்டம் நடுத்தரத்துக்கும் கீழே, அதனால்தான் பலவீனமான அணிகூடக் கடைசிவரை விரட்டியது. எட்டோ ஒன்பதோ ஜெயிக்க வேண்டிய அணி பதின்மூன்று ஜெயித்தது, தடுப்பை மாற்றாவிட்டால் அடுத்த வருடம் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்."

பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே, டிசம்பரில் 61 யார்டு உதையில் வீழ்த்திய அதே ஜயன்ட்ஸ், அதே மைதானத்தில் 31-24 என்று வந்து கணக்கு தீர்த்தது. கடைசி முயற்சியில் 8 யார்டு தேவைப்பட்டபோது வைகிங்ஸின் குவாட்டர்பேக் கர்க் கசின்ஸ் 3 யார்டிலேயே நின்ற ஆளுக்கு எறிந்தார். வைகிங்ஸின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் எட் டோனடெல் நீக்கப்பட்டார்.

கடைசி ஆறு பக்கத்தைக் காலியாக விடச் சொன்னது அடுத்த செப்டம்பருக்காக. புதுச் சீசனின் முதல் மூன்று ஆட்டத்தைப் பழைய நோட்டிலேயே எழுதி, நீங்கள் சொன்ன கருத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். 2023-ல் வைகிங்ஸின் முதல் மூன்று ஆட்டம்: புக்கனியர்ஸ் 20-17, ஈகிள்ஸ் 34-28, சார்ஜர்ஸ் 28-24. வித்தியாசம் 3, 6, 4. மூன்றும் எட்டுப் புள்ளிக்குள், மூன்றிலும் தோல்வி.